லவால் சாமி கல்லறையில் பிள்ளை உயரத்துக்குத் திரி

சின்னவனுக்கு வீசிங் வந்து ராத்திரியெல்லாம் நெபுலைசரும் கையுமாக உட்கார்ந்திருந்த நாட்களில் அத்தை பனிமய மாதாவிடம் நேர்ந்துகொண்டார்கள், பிள்ளைக்குச் சுகமானால் கிறிஸ்துமஸுக்குள் அவன் உயரத்துக்கு மெழுகுதிரி ஏற்றுவதாக. மாதா கிருபையில் சுகமாகிவிட்டது. ஆனால் திரி ஏற்றுவதற்குள் இவருக்கு மொரீஷியஸில் வேலை கிடைத்து மூட்டை கட்டிவிட்டோம். டிக்கெட் விலைக்கு ஒரு திரி ஏற்றத் தூத்துக்குடி போய்வர முடியுமா? அத்தையிடம் கேட்டதற்கு, "மாதா அங்கயுந்தான் இருக்கா. அங்கயே ஏத்துங்க, ஆனா பெருநாளைக்குள்ள ஏத்திரணும்" என்று சொல்லிவிட்டார்கள்.

இங்கே டிசம்பர் என்றால் நல்ல கோடை. ஊரில் இந்நேரம் மழையும் குளிருமாக, வாசலுக்கு வாசல் நட்சத்திரம் தொங்கும். நாங்கள் இருக்கிற ரோஸ் ஹில்லில் வியர்த்துக் கொட்டுகிறது, மயில்கொன்றை சிவப்பாகப் பூத்துக் கிடக்கிறது, தெருவெல்லாம் லிச்சிப் பழம். கிறிஸ்துமஸ் மாதிரியே இல்லையே என்று நான் புலம்பிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்காதான் (முருக பக்தை, வருஷா வருஷம் காவடி எடுக்கிறவர்) லவால் சாமியிடம் போய் ஏற்றச் சொன்னார். இங்கே மதம் பார்க்காமல் எல்லோரும் போகிற இடம் அது.

லவால் சாமி பிரான்ஸ்காரர். முதலில் டாக்டராக இருந்து அப்புறம் குருவானவர். அடிமைத்தனம் ஒழிந்து ஆறு வருஷத்தில், 1841இல், இந்தத் தீவுக்கு வந்து விடுதலையான ஏழைகளோடேயே இருந்து, அவர்கள் பேசிய கிரியோலைக் கற்றுக்கொண்டு, 1864இல் இங்கேயே இறந்தார். 1979இல் முத்திப்பேறு பட்டம், அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்தின படி, கொடுத்தார்கள். டாக்டர் என்று கேட்டதுமே எனக்கு முடிவாகிவிட்டது, மாதாதான் இந்த டாக்டரிடம் அனுப்புகிறாள் என்று.

மெட்ரோவில் போர்ட் லூயி வரை சுகமாகப் போனோம். அதற்கு மேல்தான் கஷ்டம். பெருநாள் கடைக்கூட்டத்தில் பிள்ளையின் கையை விட்டால் தொலைந்தான். டாக்சிக்காரர் ஒருவர் எங்கள் முகத்தைப் பார்த்தே புதுசு என்று கண்டுபிடித்து, சாமி கல்லறை இருக்கிற, பக்கத்திலேயே உள்ள செந்த் குருவாவுக்கு ஏர்போர்ட் போகிற ரேட் சொன்னார். போங்கள் ஐயா என்று பஸ்ஸில் ஏறினோம். உட்கார இடமில்லை, காற்றில்லை, எனக்கு இவன் மூச்சு மேலேயே காது.

கடையில் பார்த்தால் எல்லாம் சாண் நீளத் திரிகள். ஆள் உயரத்துக்குத் திரி என்று கையால் காட்டினால் கடைக்காரர் சிரிக்கிறார். இந்த ஊர் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது, ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் பொது பாஷை விரல்தான். அத்தைக்கு வீடியோ கால் போட்டோம்.

"பிள்ளைய அளந்த நூலு கொண்டு போனியளா?"

"இருக்கு அத்தை."

"அத நீட்டிப் போட்டு அதுக்குப் பக்கத்துல திரிய வரிசையா வைங்க. உயரத்துக்கு எத்தனை வருதோ அத்தனையும் ஏத்துங்க. மாதா கணக்குப் பாக்க மாட்டா."

கடை மேசையில் நூலை நீட்டி, ஒவ்வொரு திரியாகத் தலையும் காலும் ஒட்டி அடுக்கினோம். கடைசித் திரி நூலைத் தாண்டிக் கொஞ்சம் நீண்டது. வளர்கிற பிள்ளைதானே, இருக்கட்டும் என்றார் இவர்.

கல்லறை மேல் லவால் சாமி படுத்திருக்கிற மாதிரி சுரூபம். தொட்டுத் தொட்டு வழவழப்பாகியிருக்கிறது. முன்னால் முழங்காலில் இருந்த பெரியம்மா நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி. நம் ஊர்ப் பாட்டி முகம்தான், ஆனால் தமிழ் வரவில்லை. நான் என் நெஞ்சைத் தொட்டு, பிள்ளையைக் காட்டி, இழுத்து இழுத்து மூச்சு விட்டுக் காண்பித்தேன். அவர் எழுந்து, இவன் கையைப் பிடித்துச் சாமியின் காலில் வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே அழுத்திப் பிடித்திருந்துவிட்டு, அதே கையை எடுத்து இவன் நெஞ்சில் தடவினார். மறுபடியும் சாமி கால், மறுபடியும் நெஞ்சு. வாய் ஏதோ முணுமுணுக்கிறது. இவனோ கூச்சப்படாமல் நிற்கிறான், சாதாரணமாக யாரும் தொட்டாலே நெளிகிறவன். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. ஜெபிக்க எத்தனையோ நினைத்து வைத்திருந்தேன், வேலை, வாடகை, ஊரில் அம்மாவின் முழங்கால் வலி, ஒன்றுமே வாயில் வரவில்லை, மாதாவே ஸ்தோத்திரம், லவால் சாமி ஸ்தோத்திரம், அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து தேடினால் அந்தப் பெரியம்மாவைக் காணோம், நன்றிகூடச் சொல்லவில்லை, அவர் குடும்பம் நன்றாயிருக்க வேண்டும்.

திரிகளை ஏற்றி முடிக்கப் பாதித் தீப்பெட்டி காலி, அவ்வளவு காற்று. போட்டோ பார்த்த பிறகுதான் அத்தைக்கு நிம்மதி.

24ஆம் தேதி ராத்திரிப் பூசை எங்கள் பங்குக் கோயிலிலேயே பார்த்தோம். பிரெஞ்சு, கிரியோல், ஒன்றும் புரியவில்லை, பாட்டுக்கு மெட்டு தெரிந்த இடத்தில் தமிழில் பாடிவிட்டோம். லவால் சாமி திருநாள் செப்டம்பர் 9. முந்தின ராத்திரியே தீவின் எல்லாப் பக்கமிருந்தும் நடந்தே வருவார்களாம். நாங்களும் நடக்கலாம் என்று இவரிடம் சொல்லியிருக்கிறேன். அத்தையும் அதற்குள் பாஸ்போர்ட் எடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.