அப்பாவின் கட்சியும் ஹாலிவுட்டின் பட்டியலும்

லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிவந்த புதிதில், வேலை முடிந்து தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குள் நடந்து போவேன். அங்கே ஃபிஷர் அருங்காட்சியகத்தை ஒட்டிய தோட்டத்தில் சில கல் பெஞ்சுகள். உட்காரும் இடத்திலேயே வாசகங்கள் செதுக்கியிருக்கின்றன. விரல் வைத்தால் எழுத்து தட்டுப்படும். ஹாலிவுட்டில் விலக்கி வைக்கப்பட்ட பத்துப் பேருக்காக 1999இல் ஜென்னி ஹோல்சர் என்ற கலைஞர் செய்த நினைவிடம் அது.

1947 அக்டோபரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழு அவர்களை வாஷிங்டனுக்கு அழைத்து, கம்யூனிஸ்ட் கட்சியில் இருக்கிறாயா, இருந்தாயா என்று கேட்டது. பெரும்பாலும் திரைக்கதை எழுதுபவர்கள். என் நம்பிக்கையைக் கேட்க உனக்கு உரிமையில்லை என்று பதில் சொல்ல மறுத்தார்கள். சபையை அவமதித்த குற்றத்துக்குச் சிறை. அதைவிடக் கொடுமை ஸ்டுடியோ முதலாளிகள் செய்தது. நியூயார்க்கின் வால்டார்ஃப் ஓட்டலில் கூடி, இவர்களுக்கு வேலை கிடையாது என்று அறிவித்தார்கள். எந்த நீதிமன்றமும் அப்படித் தீர்ப்பளிக்கவில்லை. அப்புறம் வேலை தரக்கூடாதவர்களின் பட்டியல் நூற்றுக்கணக்கில் நீண்டது.

பத்துப் பேரில் ஒருவரான திரைக்கதை எழுத்தாளர் டால்டன் டிரம்போ சிறையிலிருந்து வெளிவந்து, குடும்பத்தோடு மெக்சிகோவுக்குப் போய், வேறு பெயர்களில் எழுதிப் பிழைத்தார். 1957இல் 'ராபர்ட் ரிச்' என்ற பெயருக்கு ஆஸ்கர் அறிவித்தார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவர் டிரம்போ. சிலை அவர் கைக்கு வந்தது 1975இல்தான்.

அமெரிக்கக் குடியுரிமை விண்ணப்பத்தில், கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தாயா என்ற அந்தக் கேள்வி இன்றும் இருக்கிறது. நான் எந்தக் கட்சியிலும் இருந்ததில்லை. ஆனால் மதுரையில் அப்பா பஞ்சாலைச் சங்கத்துக்காரர். கட்சி அட்டையை ரேஷன் கார்டோடு பீரோவில் வைத்திருப்பார். தெருவுக்கே தெரியும். "இங்க அந்தப் பேச்சையே எடுக்காதீங்க தம்பி" என்றார் எங்களுக்கு வீடு பார்த்துக்கொடுத்த தமிழ் அண்ணன். 2019 முதல் விசா விண்ணப்பத்தில் சமூக ஊடகக் கணக்குகளையும் கேட்கிறார்கள்; அதிலிருந்து அவர் எதற்கும் லைக் கூடப் போடுவதில்லை. வேலையும் விசாவும் ஒரே கயிற்றில் தொங்கும்போது அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் பட்டியல் போட்டவர்கள் எதிர்பார்த்ததும் அதையேதான்: யாரும் தடுக்காமலே நாமாக வாயை மூடிக்கொள்வது.

பள்ளியில் தாத்தாவைப் பற்றி எழுதச் சொன்னார்கள் என்று மகள் வந்தாள். சங்கம், வேலைநிறுத்தம், செங்கொடி எல்லாவற்றையும் எழுதச் சொன்னேன்.