கையெழுத்திட்டவர் யார் என்று கேட்கும் மாணவர்கள்

மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் மருத்துவக் கல்லூரி நெறிமுறைக் குழு ஒன்றில் சட்டத் துறை உறுப்பினராக இருப்பதால், உயிரியல் அறநெறி குறித்துப் பேச விரும்பும் மாணவர்கள் அவ்வப்போது என்னைத் தேடி வருகிறார்கள். அவர்களில் மருத்துவம் பயில்பவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. சட்டம், சமூகப்பணி, வேளாண்மை, தத்துவம் எனப் பல துறைகளிலிருந்தும் வருகிறார்கள். மரபணுத் திருத்தம், செயற்கை நுண்ணறிவு போன்ற பெரிய பொருள்களில் தொடங்கும் அவர்களுடைய பேச்சு, சில மாதங்களில் எளிய கேள்வி ஒன்றில் வந்து நிலைகொள்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன்: யாருடைய உடலைப் பற்றி, யாருடைய நிலத்தைப் பற்றி முடிவெடுக்கிறார்களோ, அவரிடம் எவராவது கேட்டார்களா? கேட்டது அவருக்குப் புரிந்ததா?

இரண்டாம் ஆண்டு எம்.பி.பி.எஸ். மாணவி ஒருவர், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இளநிலை மாணவர்களுக்கு வழங்கும் இரண்டு மாத ஆய்வுத் திட்டத்தின்கீழ், சர்க்கரை நோயாளிகள் தங்கள் பாதங்களை எவ்வாறு பேணுகிறார்கள் என்று ஆராய்ந்தார். சில கேள்விகளுக்குப் பதில் சொல்வதைத் தவிர நோயாளிக்கு வேறு வேலை இல்லாத, ஆபத்தற்ற ஆய்வு அது. ஆயினும் எழுத்துபூர்வமான ஒப்புதல் தேவை. புறநோயாளிகள் பிரிவின் பெஞ்சில் காத்திருந்த மூதாட்டி ஒருவருக்கு அவர் தகவல் தாளை முழுவதுமாக வாசித்துக் காட்டினார். பொறுமையாகக் கேட்டு முடித்த அந்த அம்மா, “இதுல கைநாட்டு வெக்கலேன்னா மாத்திரை குடுக்க மாட்டீங்களா பாப்பா?” என்று கேட்டிருக்கிறார். ஆய்வில் சேராவிட்டாலும் சிகிச்சை தடைபடாது என்ற வரி தாளின் இரண்டாம் பக்கத்தில் இருக்கத்தான் செய்தது. அதை மாணவி வாசித்தும் இருந்தார். ஆனால் மருந்துச் சீட்டைக் கையில் பிடித்தபடி, வெள்ளைக் கோட்டு அணிந்தவர் நீட்டும் தாளைப் பார்க்கிறவருக்கு அந்த வரி போய்ச் சேரவில்லை. மாணவி அதை முதல் பக்கத்தின் உச்சியில் பெரிய எழுத்தில் வைத்தார். மருந்தகத்தில் மாத்திரை வாங்கி முடித்தவர்களிடம் மட்டுமே இனி ஒப்புதல் கேட்பதாகத் திருத்திய விண்ணப்பத்தையும் குழுவுக்கு அனுப்பினார். அந்த இரண்டாவது மாற்றத்தை எங்களில் எவரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் அறநெறிக்கும் நோயாளியிடம் பேசும் முறைக்கும் தனிப் பயிற்சி சேர்க்கப்பட்டிருப்பதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் தேர்வுக்கான குறிப்புகளாக மட்டும் அதைப் படிப்பவருக்கு அந்தப் பெஞ்சில் கிடைத்த பாடம் கிடைக்காது.

எந்தத் துறை மாணவரானாலும் கம்மத்தில் நடந்ததைப் படிக்கச் சொல்வது என் வழக்கம். அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி செலுத்தும் ஆய்வுத் திட்டம் 2009-இல் தொடங்கி, 2010 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. நாடாளுமன்ற நிலைக்குழுவின் 2013 அறிக்கையின்படி, ஆந்திரத்தின் 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763-இல் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். 1,948-இல் கைநாட்டு இருந்தது. கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் அந்தத் தடுப்பூசி இன்று பல நாடுகளில் வழக்கமாகப் போடப்படும் நல்ல மருந்துதான். மருந்து நல்லது என்பதால் பெற்றோரைக் கேட்காமல் விட்டது சரியாகிவிடாது என்பதை மாணவர்கள் தாமாகவே கண்டுகொள்ள அந்த அறிக்கை உதவுகிறது.

சட்ட மாணவர் ஒருவர் முன்கூட்டிய மருத்துவ உயிலில் முனைப்பாக இருக்கிறார். மீள முடியாத நிலையில் தனக்கு உயிர்காக்கும் கருவிகளைத் தொடர வேண்டாம் என்று ஒருவர் எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. நீதித்துறை நடுவரின் ஒப்பம் வேண்டும் என்ற கடினமான நிபந்தனையை 2023 ஜனவரியில் தளர்த்தி, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரின் சான்று போதும் என்றது. உயிலின் நகலைப் பெற்றுப் பாதுகாக்க உள்ளாட்சி அமைப்பில் பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். தன் ஊரில் அந்தப் பொறுப்பாளர் யார் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார் இவர். நீண்ட கட்டுரை ஒன்றைவிட இந்த ஒரு பக்க விண்ணப்பத்தை நான் மேலாக மதிக்கிறேன்.

எல்லோரிலும் கடினமான இடத்தில் நிற்பவர் சமூகப்பணி மாணவிதான். களப்பயிற்சிக்காக உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளருடன் மருத்துவமனைக்குச் செல்கிறார். மூளைச்சாவை நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து உறுதி செய்ய வேண்டும் என்பது 1994-ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின் வழியே வந்த நடைமுறை. அந்த ஆறு மணி நேரமும் வராந்தாவில் உறவினர்களோடு இருப்பவர் இவர். “உடம்பு சூடாத்தானே இருக்கு, போயிட்டான்னு எப்படிச் சொல்றீங்க?” என்று கேட்கும் தாய்க்கு வென்டிலேட்டர் செய்யும் வேலையை விளக்க வேண்டும். 2008-இல் மூளைச்சாவடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானம் செய்ய அவன் பெற்றோர் எடுத்த முடிவுக்குப் பிறகு தமிழ்நாட்டில் உறுப்பு தானம் பரவலாக அறியப்பட்டது உண்மை. 2023 முதல் கொடையாளர்களின் உடலுக்கு அரசு மரியாதையும் அளிக்கப்படுகிறது. இந்த மாணவி கவனித்ததோ வேறொன்று. சட்டப்படி ஒப்புதல் தரக்கூடிய மனைவி சுவரோரம் நிற்க, கணவரின் அண்ணனும் தாய்மாமனும் பேசி முடிவெடுக்கிறார்கள். சம்மதமானாலும் மறுப்பானாலும் அவள் வாயிலிருந்து ஒரு சொல்லும் வருவதில்லை. உறவினர்களை விலக்காமல் அவளைத் தனியே உட்கார வைத்துக் கேட்பது எப்படி என்பதே இப்போது இவருடைய ஆய்வேட்டின் பொருள்.

வேளாண் மாணவர், புழுத் தாக்குதலைத் தாங்க மரபணு மாற்றப்பட்ட பி.டி. கத்தரிக்காயைப் பற்றிப் படிக்கிறார். 2010 பிப்ரவரியில் அதற்குத் தற்காலிகத் தடை விதிப்பதற்குமுன் மத்திய அரசு ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டது. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் அந்தக் கத்தரி ஆய்வில் பங்கு கொண்டிருந்தும், அந்த ஏழில் தமிழ்நாட்டு நகரம் ஒன்றும் இல்லை. அன்று கேட்கப்படாத விவசாயிகளை இன்று போய்க் கேட்கிறார் அவர்.

இவர்களைப் போன்ற பிற துறை மாணவர்களை, ரகசியக் காப்பு உறுதிமொழி பெற்றுக்கொண்டு, நெறிமுறைக் குழுக் கூட்டங்களில் பார்வையாளர்களாக அனுமதிக்க வேண்டும் என்று எங்கள் தலைவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மருத்துவம் சாராத பொதுமக்களில் ஒருவர் குழுவில் கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த இருக்கையில் நாளை அமரக்கூடியவர்கள் அங்கே நடப்பதை இன்றே பார்த்துப் பழகட்டும் என்பதுதான் என் கோரிக்கை. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அதைச் சேர்த்திருக்கிறார்கள்.