நீலத்திரையோடு நின்ற வீட்டுக் கணினி

2022 மே 29, ஞாயிறு

கோடை விடுமுறைக்கு ஊருக்குச் சென்று திரும்பியதிலிருந்து வீட்டு மேசைக் கணினி விண்டோஸுக்குள் நுழைய மறுக்கிறது. பொத்தானை அழுத்தினால் விசிறிகள் சுழல்கின்றன. ஒரே ஒரு குறும் பீப் ஒலி கேட்கிறது. அதன்பின் தேதியும், சிமாஸ் என்ற சிறு நினைவகத்தில் உள்ள தொடக்க அமைப்புகளும் சரியாக இல்லை என்றும், அமைப்புப் பக்கத்துக்குப் போக எஃப்1, இயல்புநிலை மதிப்புகளை ஏற்றித் தொடர எஃப்2 என்றும் கறுப்புத் திரையில் வருகிறது. தொடர்ந்தால் விண்டோஸ் 10 சின்னம் தோன்றுகிறது, அதன் கீழே புள்ளிகள் சில நொடிகள் சுற்றுகின்றன, பிறகு 'இன்ஆக்சஸபிள் பூட் டிவைஸ்' (தொடங்க வேண்டிய டிஸ்க்கை அணுக முடியவில்லை) என்ற குறிப்போடு நீலத்திரை வந்து கணினி தானாகவே மறுபடி தொடங்குகிறது.

கணினி கிளம்பவில்லை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைப் பார்த்தால்தான் எதைத் தொட வேண்டும், எதைத் தொடக்கூடாது என்பது விளங்கும். ஒற்றை பீப் கேட்டதால் விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸ் என்ற மென்பொருள் செய்யும் தொடக்கச் சோதனையில் பிராசஸர், ராம், திரை மூன்றும் தேறிவிட்டன. பவர் சப்ளையையும் இப்போதைக்குச் சந்தேகிக்கத் தேவையில்லை. விண்டோஸ் சின்னம் வருவதே ஹார்டு டிஸ்க்கிலிருந்து எதுவோ படிக்கப்பட்டிருக்கிறது என்பதற்குச் சான்று. ஆகவே டிஸ்க் முற்றிலும் செத்துப்போகவில்லை என்று இன்றே சொல்லலாம். திரைகளை அவை வந்த வரிசையிலேயே கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டேன்.

2022 மே 30, திங்கள்

தெரிந்த பழுதுபார்ப்புக் கடையில் தொலைபேசியில் விவரம் சொன்னேன். முழுவதும் கேட்பதற்கு முன்பே, "ஃபார்மேட் பண்ணிட்டு விண்டோஸ் புதுசாப் போட்டுரலாம் சார், டேட்டா வேணும்னா தனியா ஆகும்" என்றார்கள். அந்த டிஸ்க்கில் அப்பா ஸ்கேன் செய்து வைத்த நிலப் பத்திரங்களும், தங்கை திருமணப் படங்களும், அம்மா பாடிப் பதிவு செய்த தாலாட்டுகளும் இருக்கின்றன. கடைசியாகப் பிரதி எடுத்தது பல மாதங்களுக்கு முன்பு. காரணம் தெரியாமல் டிஸ்க்கை அழிக்க ஒப்புக்கொள்வது எனக்கு ஒருபோதும் ஏற்புடையதில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

விண்டோஸ் தானாகக் காட்டும் பழுதுநீக்கும் திரையையும் இன்று தவிர்த்தேன். கோப்புகளின் பிரதி கையில் இல்லாத நிலையில் டிஸ்க்கில் எழுதும் எந்த வேலையும் ஆபத்தானதே.

2022 மே 31, செவ்வாய்

அலுவலக மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் பதிவிறக்கி ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து வீட்டுக் கணினியைத் தொடங்கினேன். நிறுவத் தேவையில்லை, பென் டிரைவிலிருந்தபடியே முழு இயங்குதளமும் ஓடும். டிஸ்க் உடனே தெரிந்தது. விண்டோஸ் முறையாக மூடப்படாததால் அந்தப் பகுதியைப் படிக்க மட்டும் முடியும் என்று மின்ட் அறிவித்தது. எனக்கு வேண்டியதும் அதுதான். பத்திரங்கள், படங்கள், பாட்டுகள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்கு நகலெடுக்க மாலை முழுவதும் ஆனது. அம்மாவின் பதிவுகளில் ஒன்றை அங்கேயே ஓடவிட்டுக் கேட்டுப் பார்த்தேன். ஒலி பிசிறில்லாமல் வந்தது.

நகல் ஓடிக்கொண்டிருந்தபோது 'டிஸ்க்ஸ்' செயலியில் டிஸ்க்கின் உடல்நிலை அறிக்கையைப் பார்த்தேன். பழுதாகி மாற்றப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு பகுதிகள்) 0, மாற்றத்துக்குக் காத்திருக்கும் செக்டர்கள் 0. அதாவது டிஸ்க்கில் பழுதின் அறிகுறி இல்லை. அதன் பிறகு கண்ணில் பட்டவை இரண்டு. திரையின் மூலையில் இருந்த கடிகாரம் 2012 ஜனவரி என்று காட்டியது. கணினியின் வன்பொருள்களைப் பட்டியலிடும் கட்டளையைக் கொடுத்தபோது, டிஸ்க்கைக் கட்டுப்படுத்தும் பகுதி 'ஐடிஇ இன்டர்ஃபேஸ்' (டிஸ்க்கோடு பேசும் பழைய முறை) என்று வந்தது. இந்த விண்டோஸை நிறுவும்போது பயாஸில் அதற்கு மாற்றான ஏஹெச்சிஐ முறையைத் தேர்ந்தெடுத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

2022 ஜூன் 1, புதன்

இரவெல்லாம் மனத்தில் ஓடிய கணக்கு காலையில் சரியாக வந்தது. இந்தக் கணினியில் இருப்பது ஹெச்61 சிப்செட் கொண்ட பழைய மதர்போர்டு, அதாவது முதன்மைச் சுற்றுப்பலகை. டிஸ்க்கோடு பேச ஐடிஇ, ஏஹெச்சிஐ என இரண்டு முறைகளை அது தருகிறது. என்னுடைய போர்டில் இயல்புநிலை ஐடிஇ. தொடக்கத்தில் விண்டோஸின் முதல் கோப்புகளைப் படித்துத் தருவது பயாஸ்தான் என்பதால் எந்த முறை இருந்தாலும் சின்னம் வரை வந்துவிடும். அதன்பின் விண்டோஸ், வன்பொருளை இயக்கும் தன்னுடைய டிரைவர் மென்பொருளைக் கொண்டு டிஸ்க்கைத் தானே அணுக முற்படும்போது, ஏஹெச்சிஐ டிரைவரோடு நிறுவப்பட்ட அது ஐடிஇ முறையில் நிற்கும் டிஸ்க்கைக் கண்டுகொள்ள முடியாமல் நீலத்திரையில் நின்றுவிடுகிறது. லினக்ஸ் இரண்டு டிரைவர்களையும் கையில் வைத்திருந்து எது பொருந்துமோ அதை எடுத்துக்கொள்வதால் நேற்று அதற்குச் சிக்கல் எழவில்லை.

டெலீட் விசையை அழுத்தி பயாஸுக்குள் சென்று, டிஸ்க் இணைப்புக்கான சாட்டா பகுதியில் ஐடிஇ என்றிருந்ததை ஏஹெச்சிஐ என மாற்றி, தேதியையும் நேரத்தையும் திருத்தி, எஃப்10 கொடுத்துச் சேமித்தேன். விண்டோஸ் எந்தத் தயக்கமும் இல்லாமல் வந்தது. ஒரு கோப்புகூட இழப்பில்லை.

ஆனால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. அமைப்பு தானாக ஏன் மாறியது என்பதற்கு விடை கிடைக்காதவரை இது பழுதுநீக்கம் ஆகாது. கணினியை அணைத்து, சுவரிலுள்ள சுவிட்சையும் அணைத்துவிட்டுப் படுக்கப் போகிறேன்.

2022 ஜூன் 2, வியாழன்

எதிர்பார்த்தபடியே காலையில் மறுபடியும் அதே கறுப்புத் திரை. எஃப்1 அழுத்திப் பார்த்தேன்: 2012, ஐடிஇ.

மின்கம்பியைப் பிடுங்கி, கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, உலோகச் சட்டத்தைத் தொட்டு உடம்பிலிருந்த நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, மதர்போர்டின் கீழ்ப்பகுதியில் இருக்கும் சிமாஸ் பேட்டரியை எடுத்தேன். வெளி மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தையும் பயாஸ் அமைப்பையும் காப்பது இதுதான். நாணயம் போன்ற வட்ட செல். ஓரத்திலுள்ள சிறு கொக்கியை நகத்தால் வெளிப்பக்கம் தள்ளினால் தானே எழும்பி வந்துவிடும். மேல்முகத்தில் கூட்டல் குறியும் சிஆர்2032 என்ற எழுத்தும் இருந்தன. மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து அளந்ததில் 2.1 வோல்ட். புதிய செல் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலேயே காட்ட வேண்டும்.

இவ்வளவு நாள் இது ஏன் தெரியவில்லை என்பதும் இப்போது தெளிவாகிறது. மின்கம்பி செருகப்பட்டு சுவிட்ச் போட்டிருந்தால், கணினி அணைந்திருந்தாலும் பவர் சப்ளை 5 வோல்ட் மின்சாரத்தை மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கடிகாரமும் பயாஸ் அமைப்பும் அதிலேயே உயிரோடு இருந்துவிடும். எங்கள் வீட்டில் அந்த சுவிட்சை யாரும் அணைப்பதில்லை. மின்தடை வந்தாலும் யுபிஎஸ் தாங்கிக்கொள்ளும். ஊருக்குக் கிளம்பும்போது மெயினையும் யுபிஎஸ்ஸையும் அணைத்துவிட்டுப் போனோம். அப்போது முழுப் பொறுப்பும் அந்தச் சிறு செல்லின் மேல் விழுந்திருக்கிறது. அதனால் தாங்க முடியவில்லை.

மாலையில் கடைவீதியில் புதிய செல் வாங்கினேன். நாற்பது ரூபாய். கூட்டல் குறி மேலே இருக்கும்படி பொருத்தி, பயாஸ் அமைப்புகளை மறுபடியும் திருத்தினேன்.

2022 ஜூன் 4, சனி

இரண்டு இரவுகளும் சுவர் சுவிட்சை அணைத்தே வைத்திருந்தேன். இன்று காலை போட்டதும் எச்சரிக்கை எதுவும் வரவில்லை, நேரம் நிமிடம் பிசகாமல் இருக்கிறது, சாட்டா முறை ஏஹெச்சிஐயிலேயே நிற்கிறது. பயாஸின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வெளி டிஸ்க்கில் சேர்த்தேன். செல் மாற்றிய தேதியையும் ஏஹெச்சிஐ என்பதையும் ஒரு தாளில் எழுதி, கேபினெட் தகட்டின் உட்புறம் ஒட்டியாயிற்று. மேல்வீட்டுக்காரரின் கணினியும் ஏறத்தாழ இதே வயதுடையது. மின்தடைக்குப் பின் அதில் தேதி பின்னோக்கிப் போவதாகச் சென்ற மாதமே சொல்லிக்கொண்டிருந்தார். நாளை அவருக்கும் ஒரு செல் வாங்கிக்கொண்டு போய், முதலில் அவருடைய பயாஸ் பக்கங்களைப் படமெடுத்துவிட்டு மாற்றிக் கொடுக்கப் போகிறேன்.