நோட்-ரெட்: கம்பிச் சிக்கலைப் பிரித்த கதை

மொட்டைமாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்ப்பதற்கும், நிறைந்ததும் மோட்டாரை நிறுத்துவதற்கும் வீட்டில் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் நோட்-ரெட் ஓடுகிறது. நோடு எனும் பெட்டிகளைத் திரையில் கம்பி போன்ற கோடுகளால் இணைத்து நிரல் அமைக்கும் மென்பொருள் இது. வேலை ஒழுங்காகத்தான் நடக்கிறது. ஆனால் நோடுகள் கூடக் கூட, எந்தக் கம்பி எங்கே போகிறது என்று தேடுவதே தனி வேலையாகிவிட்டது. அதனால் இந்த முறை லாஜிக்கைத் தொடாமல் திரையில் நோடுகள் இருக்கும் அமைப்பை மட்டும் சரிசெய்ய உட்கார்ந்தேன்.

புதியவர்களுக்காகக் கொஞ்சம்: நோட்-ரெட் 2013-இல் ஐபிஎம்மில் நிக் ஓ'லியரி, டேவ் கான்வே-ஜோன்ஸ் இருவரும் தொடங்கியது. பிரவுசரில் 1880 போர்ட்டைத் திறந்தால் இடது பக்கம் நோடுகள் இருக்கும் பேலட், நடுவில் அவற்றை இழுத்துப் போடும் இடம், வலது பக்கம் டீபக் (பிழை தேட உதவும்) செய்திகள் வரும் சைடுபார்.

நோடுக்குள் செய்தி நுழையும் முனை இடதில், வெளியேறும் முனை வலதில். ஆகவே ஓட்டம் தானாகவே இடமிருந்து வலமாக அமைந்துவிடுகிறது. மேல்-கீழ்தான் நம் கையில். ஒரே முனையிலிருந்து மூன்று கம்பிகள் கிளம்பினால் உயரத்தில் இருக்கும் நோடுதான் முதலில் ஓடும் என்று தோன்றும். அப்படி எதுவும் இல்லை. சரி, சும்மா கிடக்கும் திசைதானே என்று எனக்கென ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். வழக்கமான பாதை மேலே ஒரே கோட்டில், சென்சார் பதில் தராதபோது நடக்க வேண்டியது அதற்குக் கீழே, டீபக் நோடுகள் எல்லாம் அடியில்.

செய்தியை விதிப்படி வெவ்வேறு பாதைகளில் அனுப்பும் ஸ்விட்ச் நோடில் மட்டும் விஷயம் வேறு. அதில் விதிகள் இருக்கும் வரிசையிலேயே முனைகளும் மேலிருந்து கீழாக வரும். விதியை நகர்த்தினால் கம்பியும் கூடவே நகர்கிறது. பாதிச் சிக்கல் இதிலேயே அவிழ்ந்தது. ஆனால் முதல் பொருத்தத்தோடு நிற்கும்படி அமைத்திருந்தால் வரிசையை மாற்றும்போது லாஜிக்கும் மாறிவிடும். அங்கே கை வைக்கவில்லை.

நீளக் கம்பிகளுக்கு, அவை சேர்ந்து பிரியும் சிறு புள்ளியான ஜங்ஷன் போட்டேன். 2022-இல் வந்த 3.0-இலிருந்து இருக்கிறது, ஷிஃப்டை அழுத்திக்கொண்டு வலது பட்டனால் கம்பிகளின் குறுக்கே இழுத்தால் போதும். லிங்க் நோடு போட்டால் கம்பியே கண்ணில் படாது, பார்க்கவும் சுத்தமாக இருக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு டேபிலிருந்து இன்னொரு டேபுக்குப் போக மட்டும் வைத்துக்கொண்டேன்.

நோடை நகர்த்தினாலே, மாற்றங்களை நடைமுறைக்குக் கொண்டுவரும் டிப்ளாய் பட்டன் சிவப்பாகிவிடும். உடனே முழு டிப்ளாய் கொடுத்தால் எல்லாமே மறுபடி தொடங்கும்; மோட்டாருக்காக ட்ரிகர் நோடு எண்ணிக்கொண்டிருந்த நேரமும் போய்விடும். மாறிய நோடுகளை மட்டும் டிப்ளாய் செய்தால் இடம் மாறியதை அது மாற்றமாகவே எடுத்துக்கொள்வதில்லை, ஓடுவது ஓடிக்கொண்டே இருக்கும். அமைப்பை மட்டும் மாற்றும் நாளில் இதுதான் வசதி.

அடுத்து கீழே இருக்கும் சம்ப்புக்கும் ஒரு சென்சார். அதற்கும் இதே வரிசைதான் என்பதால் மேல் பாதையை அப்படியே சப்ஃப்ளோவாக (பல இடங்களில் பயன்படுத்தக்கூடிய ஒற்றை நோடாக) மாற்றிப் பார்க்கப் போகிறேன்.