கரண்ட் இல்லாமல் குழாய்த் தண்ணீரில் ஓடும் அடித்தள பம்ப்: பொருத்திப் பார்த்த குறிப்புகள்

பேஸ்மென்ட் உள்ள வீடுகளில் தரைக்கடியில் ஊறும் நீரைச் சேர்க்க ஒரு குழியும், அதை வெளியேற்ற ஒரு கரண்ட் மோட்டாரும் இருக்கும். அடைமழை நேரத்தில்தான் கரண்டும் போகும். மாற்று ஏற்பாடாகப் பேட்டரி பம்ப் வைப்பவர்கள் உண்டு. ஆனால் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும், சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். இங்கே பொருத்தியது வேறு வகை. தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் குடிநீர்க் குழாயின் அழுத்தத்தை வைத்தே குழித் தண்ணீரை இறைக்கும் பம்ப் இது.

இயங்கும் விதம் எளிது. குழாய்த் தண்ணீர் ஒரு குறுகலான நாசில் வழியாகப் பீய்ச்சியடிக்கும்போது அதைச் சுற்றி அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு குழித் தண்ணீரை உறிஞ்சி இழுக்கிறது. இரண்டும் கலந்து ஒரே குழாயில் வெளியே போகின்றன. மிதவை உயர்ந்தால் வால்வு திறக்கும், இறங்கினால் மூடும். சுழலும் பாகம் ஒன்றும் கிடையாது.

வாங்குவதற்கு முன் இது நம் வீட்டுக்கு ஒத்துவருமா என்று பார்க்க வேண்டும். சொந்தக் கிணறோ போரோ உள்ள வீட்டுக்கு ஆகாது, கரண்ட் போனால் அந்தத் தண்ணீரும் நின்றுவிடும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரும் போதாது. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். இந்த வகை பம்புகள் பெரும்பாலும் 2.8 பார், அதாவது 40 பி.எஸ்.ஐ. அளவுக்காவது கேட்கும். 4 பார் இருந்தால் நன்றாக வேலை செய்யும். பூஸ்டர் வைத்துக்கொள்ளலாமே என்றால் பூஸ்டருக்கும் கரண்ட் வேண்டும், பேச்சு அங்கேயே முடிந்தது.

அளவெடுப்பு

பெட்டியில் அச்சிட்டிருக்கும் கொள்ளளவை நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். அந்த எண் குறிப்பிட்ட அழுத்தத்துக்கும் குறிப்பிட்ட உயரத்துக்கும் மட்டுமே பொருந்தும். நம் வீட்டில் எடுக்க வேண்டிய அளவுகள் மூன்று.

முதலாவது, குழிக்குள் தண்ணீர் வரும் வேகம். குழியின் விட்டம் 45 செ.மீ. என்றால் 1 செ.மீ. உயரத்தில் ஏறக்குறைய 1.6 லிட்டர் இருக்கும். இங்கே கரண்ட் மோட்டார் 28 செ.மீ. மட்டத்தில் ஓடத் தொடங்கி 8 செ.மீ. மட்டத்தில் நிற்கிறது. இடையில் உள்ள 20 செ.மீ. என்பது 32 லிட்டர். நல்ல மழையில், மோட்டார் நின்றதிலிருந்து மறுபடி ஓடும்வரை 3 நிமிடம் ஆகிறது. ஆக நிமிடத்துக்கு 11 லிட்டர் அளவில் வரத்து. குழியைச் சுற்றியுள்ள ஜல்லியிலும் தண்ணீர் தேங்கி நிற்பதால் உண்மையான வரத்து இதைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும். கணக்கிட்டதைப்போல இரண்டு, மூன்று மடங்கு இறைக்கும் பம்பைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இரண்டாவது, அழுத்தம். தோட்டக் குழாயில் பிரஷர் கேஜை மாட்டி, எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுப் பார்த்தபோது 4.6 பார். இந்த எண்ணை வைத்துக்கொண்டு பயனில்லை. கீழ்தளத்தில் இன்னொரு குழாயை முழுக்கத் திறந்துவிட்டுப் பார்க்க வேண்டும். அப்போது 4 பாருக்கு இறங்கியது. குழித் தண்ணீர் குடிநீரில் திரும்பிக் கலக்காமல் தடுக்க பம்புக்கு முன்னால் வரும் தடுப்பு வால்வு இன்னும் 0.7 முதல் 0.8 பார் வரை தின்னும். மிஞ்சுவது 3.2 பார். தயாரிப்பாளர் தரும் அட்டவணையில் இந்த வரிசையைத்தான் பார்க்க வேண்டும், 4.6-ஐ அல்ல.

மூன்றாவது, குழித் தண்ணீரின் மட்டத்திலிருந்து வெளியேற்றும் குழாயின் உச்சி வரையிலான உயரம். இங்கே 3 மீட்டர். ஒவ்வொரு எல்போவும், அதாவது குழாய் வளைவும், கூடுதல் தடை. கரண்ட் மோட்டார் ஒரு எல்போவைப் பொருட்படுத்தாது. நாசில் பம்ப் அப்படியல்ல, எதிர் அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் இறைப்பு சட்டென்று குறைந்துவிடும்.

குழிக்குள்ளா, மேலேயா?

குழிக்குள் இறக்கும் மாடல் விலையிலும் வேலையிலும் எளிது. ஆனால் குடிநீர்க் குழாய் நேராக அழுக்குக் குழிக்குள் போகிறது, இடமும் நெருக்கடி. மேலே சுவரிலோ உத்தரத்திலோ பொருத்தும் மாடலில் உறிஞ்சும் குழாய் மட்டுமே குழிக்குள் இறங்கும். பராமரிக்கவும் கை எட்டும். இங்கே மேலே பொருத்தும் மாடல்தான். இதில் ஒரு நிபந்தனை உண்டு: உறிஞ்சும் குழாயின் இணைப்புகளில் ஊசிமுனை அளவுகூடக் காற்று புகக் கூடாது. தண்ணீர் ஒழுகாத இணைப்பிலும் காற்று புகும். அதனால் அந்தப் பகுதி முழுக்க ஒட்டு இணைப்பு, திருகு இணைப்பு ஒன்றுகூட வைக்கவில்லை.

தடுப்பு வால்வு

செலவைக் குறைக்கலாம் என்று பலருக்குத் தோன்றும் இடம் இதுதான், குறைக்கவே கூடாத இடமும் இதுதான். தெருவில் எங்காவது குழாய் உடைந்து அழுத்தம் விழுந்தால், குழித் தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டுக் குடிநீரில் கலக்கும். தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் சாதாரண செக் வால்வு ஒன்று போட்டால் போதாது. ஒரு மணல்துகள் சிக்கினாலே அது திறந்து நின்றுவிடும். ஆர்.பி.இசட். எனப்படும் வகையில் இரண்டு செக் வால்வுகளும் நடுவில் ஒரு வடிகால் வால்வும் உண்டு. உள்ளே ஏதாவது பழுதானால் தண்ணீர் பின்னால் போகாது, வெளியே கொட்டிவிடும். பல ஊர்களில் இதைத்தான் விதி கேட்கிறது, வருடாவருடம் சோதிக்கவும் சொல்கிறது. சில இடங்களில் இந்த வகை பம்புக்கே அனுமதி இல்லை. ஆகவே குடிநீர்த் துறையைக் கேட்டுவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும்.

இந்த வால்வு கொட்டும் வாய் தண்ணீரில் மூழ்கவே கூடாது. தரையிலிருந்து 30 செ.மீ.-க்கு மேலே பொருத்தி, அடியில் ஒரு புனல் வைத்து, புனலுக்கும் வால்வின் வாய்க்கும் இடையே குறைந்தது 25 மி.மீ. இடைவெளி விட வேண்டும். புனலை நேராக வாயோடு சேர்த்து ஒட்டிவிட்டால் இந்த வால்வு போட்டதற்கே அர்த்தமில்லை.

குழாய் வேலை

மெயின் வால்வை மூடி, குழாயை வடித்து, மீட்டரைத் தாண்டியதும் கிளை பிரிய ஒரு டீ. அங்கிருந்து பம்ப் வரை முழுக்க முக்கால் அங்குலம். நடுவில் ஓர் அடி நீளம் அரை அங்குலம் வந்தாலும் அழுத்தம் அங்கே செத்துவிடும். வரிசை இப்படி: டீ, முழுத்துளை பால் வால்வு, வடிகட்டி, ஆர்.பி.இசட்., யூனியன் (கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு), மிதவை வால்வு, பம்ப். மென்னீராக்கி (கடினநீரை மென்னீராக்கும் கருவி) இருந்தால் அதற்கு முன்பே கிளை பிரிய வேண்டும்.

பம்பை இணைப்பதற்கு முன், யூனியனைக் கழற்றிவிட்டு ஒரு வாளியைப் பிடித்து, வால்வை முழுக்கத் திறந்து குழாயைக் கழுவ வேண்டும். வெட்டிய குழாயின் பிசிறு, பசைத் துணுக்கு, டெஃப்லான் டேப்பின் நார் என எல்லாம் வாளியில் மிதக்கும். இவற்றில் ஒன்று நாசிலில் அடைத்தால் போதும், பம்ப் சீறும், இறைக்காது. டேப் சுற்றும்போது முதல் மரையை விட்டுவிட்டுச் சுற்றினால் நார் உள்ளே போகாது.

மிதவை வால்வு சட்டென்று மூடும்போது குழாய் அதிரும். ஒரு மீட்டருக்குள் ஒரு கிளாம்ப் அடித்தும் தட்டல் சத்தம் நிற்கவில்லை என்றால் அதிர்வுதாங்கி ஒன்று பொருத்திக்கொள்ளலாம்.

வெளியேற்றும் குழாய் ஒன்றரை அங்குலம், கரண்ட் மோட்டாரின் குழாயோடு சேராமல் தனியாக. ஒரே குழாயில் சேர்த்தால் இரண்டும் ஒன்றாக ஓடும்போது மோட்டாரின் அழுத்தம் நாசிலின் பீய்ச்சலை அடக்கிவிடும். பிறகு நடப்பது விபரீதம். வெளியே போக வழியில்லாத குழாய்த் தண்ணீர் உறிஞ்சும் குழாய் வழியாகக் குழிக்குள்ளேயே கொட்டும். தண்ணீரை வெளியேற்ற வைத்த பம்ப் குழியை நிரப்பத் தொடங்கிவிடும். வெளிமுனையில் இலை அடைத்தாலும், பனியில் உறைந்தாலும் இதே கதை. அதனால் வெளிமுனையில் பெரிய கண் வலை, சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி, வீட்டுக்கு எதிர்ப்பக்கமாகச் சரிவு. 90 பாகை எல்போவுக்குப் பதில் இரண்டு 45 பாகை எல்போக்கள்.

மிதவை மட்டம்

கரண்ட் மோட்டார் 28 செ.மீ.-ல் ஓடத் தொடங்குவதால், இந்த பம்பின் மிதவை 36 செ.மீ.-ல் திறக்கும்படி வைத்தாயிற்று. இரண்டும் நெருங்கினால் கரண்ட் இருக்கும்போதே இதுவும் ஓடித் தண்ணீரை வீணாக்கும். மூடும் மட்டம் அதைவிட முக்கியம். உறிஞ்சும் வாய் 12 செ.மீ. உயரத்தில் இருந்தால் மிதவை 17 செ.மீ.-லேயே மூடிவிட வேண்டும். வாய்க்குக் கீழே மூடும்படி வைத்தால், வாய்வரை வற்றியதும் பம்ப் காற்றை இழுக்கும், மட்டம் அதற்குமேல் இறங்காது, மிதவையும் இறங்காது. தெருத் தண்ணீர் விடியவிடிய ஓடிக்கொண்டே இருக்கும்.

சோதனை

கரண்ட் மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தோட்டக் குழாயால் குழியை நிரப்பி, மிதவை திறந்ததும் அந்தக் குழாயை மூடியாயிற்று. வெளிமுனையில் 200 லிட்டர் டிரம். அது நிரம்ப 2 நிமிடம் 20 வினாடி ஆனது, அதாவது நிமிடத்துக்கு 86 லிட்டர். அதே நேரத்தில் தண்ணீர் மீட்டர் நிமிடத்துக்கு 32 லிட்டர் காட்டியது. கழித்தால் குழியிலிருந்து போனது 54 லிட்டர். ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீருக்கு 1.7 லிட்டர் குழித் தண்ணீர். 3 மீட்டர் உயரத்துக்கு இது நல்ல கணக்கு. 11 லிட்டர் வரத்துக்கு மணிக்கு 390 லிட்டர் தெருத் தண்ணீர் செலவாகும், ஒரு நாள் முழுக்க கரண்ட் இல்லை என்றால் 9,400 லிட்டர். தினமும் ஓடினால் கட்டுப்படியாகாது. வருடத்தில் சில மணி நேரம் என்றால் தாராளமாக ஏற்கலாம்.

பார்த்துக்கொள்ள வேண்டியவை

மிதவை வால்வு லேசாகக் கசிந்தால் யாருக்கும் தெரியாது. கசியும் தண்ணீர் குழிக்குள் இறங்கும், கரண்ட் மோட்டார் அதைச் சத்தமில்லாமல் வெளியேற்றிவிடும். தண்ணீர் பில் வரும்போதுதான் தெரியும். மழையே இல்லாத காலத்தில் மோட்டார் அடிக்கடி ஓடினால் சந்தேகம் இந்த வால்வின் மேல்தான். வீட்டுக் குழாய்களை எல்லாம் மூடிவிட்டு மீட்டரின் சிறு சக்கரத்தைப் பார்த்தால் உறுதியாகிவிடும்.

வேறு வேலைக்காக யாராவது இந்த பால் வால்வை மூடிவிட்டு மறந்துபோவதும் நடக்கக்கூடியதே. கைப்பிடியைக் கழற்றிப் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிட்டால் போதும். 36 செ.மீ. மட்டத்தில் பேட்டரியில் இயங்கும் ஈர அலாரம் ஒன்று இருக்கட்டும். பம்ப் ஓடுவது மேல்தளத்தில் கேட்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி ஓட்டிப் பார்த்து, முடிந்ததும் வடிகட்டியைக் கழற்றிக் கழுவி, பிளக்கைத் திரும்பச் செருக வேண்டும்.