ஐப்பசி மழையில் ரிக்டரைத் தேடி

1986-இல், 71 வயதில், சோவியத் பியானோ கலைஞர் ஸ்வியத்தொஸ்லாவ் ரிக்டர் சைபீரியாவுக்குப் புறப்பட்டார். கூடவே ஒரு யமஹா பியானோவும் போனது. ஏறக்குறைய ஆறு மாதம். சுமார் 150 கச்சேரிகள் என்று சொல்வார்கள். சில ஊர்களில் கச்சேரி அரங்கமே கிடையாது. உலகத்தின் பெரிய மேடைகளெல்லாம் அழைத்துக்கொண்டிருந்த ஒரு கலைஞர், பெயர் தெரியாத சிற்றூர்களில் வாசித்துக்கொண்டே போனார். அவருடைய வாழ்க்கையில் என்னை இதைவிட அசைத்த செய்தி வேறில்லை.

எங்கள் தென்காசிப் பக்கம் ஆர்மோனியம் உண்டு, தேவாலயத்தில் கீபோர்டு உண்டு. நல்ல கிராண்ட் பியானோவைக் கிட்டத்தில் உட்கார்ந்து கேட்கவேண்டும் என்றால் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறவேண்டும். ஆழ்வார்பேட்டையில் ஒரு சிறிய அரங்கில் மாணவர் கச்சேரி நடக்கிறது, ஒரு பெண் ரஷ்ய இசையமைப்பாளர் ப்ரொகோஃபியெவின் ஏழாம் சொனாட்டாவை (பல பகுதிகள் கொண்ட பியானோ படைப்பு) வாசிக்கிறாள் என்று சென்னை நண்பர் தகவல் சொன்னதும் டிக்கெட் எடுத்துவிட்டேன்.

எழும்பூரில் இறங்கியபோது நல்ல மழை. மாலைவரை நேரம் இருந்ததால் பாந்தியன் சாலையில் நடந்து அருங்காட்சியகத்துக்குப் போனேன். வளாகத்திலுள்ள மியூசியம் தியேட்டர் 1896-இல் கட்டப்பட்டது. மெட்ராஸில் மேற்கத்திய நாடகமும் இசையும் வளர்ந்த இடங்களில் ஒன்று. கதவு சாத்தியிருந்தது, வட்டச் சுவரைச் சுற்றிவந்து பார்த்ததோடு சரி. (வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. வெளியூர்க்காரர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.) அங்கிருந்து அண்ணா சாலை, மியூசி மியூசிக்கல். 1842-இல் மிஸ்க்வித் நிறுவனமாகத் தொடங்கிய கடை. வயலின்களையும் கித்தார்களையும் தாண்டிப் பியானோக்களின் பக்கம் போய் நின்றால் கால் நகர மறுக்கிறது.

ஆழ்வார்பேட்டை அரங்குக்குச் சீக்கிரமே போய்விட்டேன். அது நல்லதாயிற்று. வயதான ட்யூனர் ஒருவர், பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர், பியானோவின் மூடியைத் திறந்துவைத்து வேலை செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் நிற்கலாமா என்று கேட்டேன். "தாராளமாக நில்லுங்கள் தம்பி, பேசாமல் நின்றால் போதும்" என்றார். பிறகு அவரே பேசினார். உள்ளே ஏறத்தாழ 230 கம்பிகள். எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை 18 முதல் 20 டன். மழைக்காலத்தில் ஒலிப்பலகை, கம்பிகளின் ஓசையைப் பெருக்கும் மரப்பலகை, ஈரத்தை உறிஞ்சி உப்பும், சுருதி ஏறும். வெயில் காய்ந்ததும் இறங்கும். போதாதற்குக் கடற்காற்று கம்பியில் துருவேற்றும். ஈரத்தை விரட்ட இரவெல்லாம் பியானோவுக்குள் ஒரு சிறிய பல்பை எரியவிடும் வீடுகளும் உண்டாம்.

ரிக்டர் கச்சேரிக்கு முன்னால் பல பியானோக்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதை வெறுத்தார். எது இருக்கிறதோ அதில் வாசிப்பதே முறை என்பது அவர் எண்ணம். 1953-இல் ஸ்டாலினின் இறுதிச் சடங்குக்காக அவரை மலர்வளையங்கள் நிறைந்த விமானத்தில் மாஸ்கோவுக்கு அழைத்துவந்தார்கள். அங்கே கிடைத்த பியானோவில் பெடல் சரியாக வேலை செய்யவில்லை. அதிலும் வாசித்தார். இதைச் சொன்னதும் ட்யூனர், அந்தப் பெடலை யாராவது முந்தைய நாளே பார்த்திருக்க வேண்டும் என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

கச்சேரியில் முதல் சில உருப்படிகள் சுமார். பிறகு அந்தப் பெண் வந்தாள். சொனாட்டாவின் கடைசிப் பகுதி 7/8, ஒரு சுற்றுக்கு ஏழு எண்ணிக்கை கொண்ட தாளம். நமக்கு மிச்ர சாபு பழக்கம், மூன்றும் நான்குமாகப் பிரியும். ப்ரொகோஃபியெவ் அதை இரண்டு, மூன்று, இரண்டு என்று வெட்டுகிறார்: தக தகிட தக. எனக்கு முன்வரிசையில் இருந்த பெரியவர் இரண்டாவது சுற்றிலேயே பிடித்துவிட்டார். தொடையில் அவர் விரல் கடைசிவரை தவறவில்லை. 1943 ஜனவரியில், போர் நடுவே, மாஸ்கோவில் இந்த சொனாட்டாவை முதலில் அரங்கேற்றியவர் ரிக்டர். நான்கே நாளில் பாடம் செய்தார்.

அந்த நான்கு நாளை வெறும் திறமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்குச் சுமார் ஒன்றேகால் ஆண்டுக்கு முன்புதான், 1941-இல், ஒடெஸாவில் இருந்த அவருடைய தந்தை தியோஃபில், ஜெர்மானிய வம்சாவளி ஆர்கன் கலைஞர், உளவாளி என்று குற்றஞ்சாட்டப்பட்டுச் சுட்டுக்கொல்லப்பட்டார். தாய் ஜெர்மனிக்குப் போய்விட்டார். மகனும் தாயும் மறுபடி சந்தித்தது 1960-இல், ரிக்டரை முதன்முறையாக அமெரிக்கா போகவிட்டபோது. பத்தொன்பது ஆண்டு இடைவெளி.

முதுமையில் அவர் அரங்கத்தை இருட்டாக்கி, இசைத்தாள்மேல் மட்டும் ஒரு சிறு விளக்கு வைத்து வாசித்தார். வாசிப்பவரின் முகத்தையும் விரலையும் பார்ப்பது காதைக் கெடுக்கும் என்றார். நம் சபா மேடைகளின் வெளிச்சத்துக்கும் முழு மேடையை மறைக்கும் விளம்பரத் தட்டிகளுக்கும் பழகிய நான், இதை ஒரு மார்கழியிலாவது யாராவது செய்துபார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். ரிக்டர் 1997 ஆகஸ்ட் 1 அன்று மாஸ்கோவில் காலமானார். அவரைக் கேட்கத் தொடங்குபவர்கள் 1958-இல் பல்கேரியாவின் சோஃபியா நகரக் கச்சேரியின் ஒலிப்பதிவிலிருந்து தொடங்குங்கள், ரஷ்ய இசையமைப்பாளர் முஸோர்க்ஸ்கியின் 'ஓவியக் கண்காட்சி' என்ற பியானோ படைப்பு. குளிர்காலக் கூட்டம் இருமிக்கொண்டே இருக்கும், பொருட்படுத்தாதீர்கள்.

கச்சேரி முடிந்து அந்தப் பெண்ணிடமும் அவள் ஆசிரியையிடமும் கேட்டேன்: தென்காசிக்கு வருவீர்களா? ஆசிரியை உடனே ட்யூனரைத்தான் பார்த்தார். அப்ரைட் பியானோ, அதாவது நிமிர்ந்து நிற்கும் சிறிய வகை, என்றால் சின்ன லாரி போதும், தூக்க ஆள் வேண்டும், இறக்கியபின் ஓரிரு நாள் அசையாமல் வைத்துவிட்டுச் சுருதி சேர்க்கவேண்டும் என்று ட்யூனர் கணக்குச் சொல்லத் தொடங்கினார். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் பேசிக்கொண்டிருக்கிறேன். சாரல் காலம் மட்டும் வேண்டாம் என்று ட்யூனர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், மாசி மாதம் என்று வைத்திருக்கிறோம்.