இரவில் மட்டும் எரியும் செக் என்ஜின் விளக்கு: பட்டறை நாட்குறிப்பு

11 ஜூன் 2024, செவ்வாய்

பாலக்கோட்டிலிருந்து மதுரைக்குத் தக்காளி ஏற்றிச் செல்லும் பி.எஸ்.6 (புகை மாசுக் கட்டுப்பாட்டுத் தரம்) லாரி ஒன்று தருமபுரியில் உள்ள எங்கள் பட்டறைக்கு இன்று வந்தது. பாடி கட்டிய இடத்தில் ஃபாக் விளக்குகள், கேபின் மேல் அலங்கார விளக்குகள், மியூசிக் சிஸ்டம் எல்லாம் பொருத்திய பிறகுதான், என்ஜினில் கோளாறு என்று எச்சரிக்கும் செக் என்ஜின் விளக்கு எரியத் தொடங்கியிருக்கிறது. ஸ்கேனர் வைத்து, வண்டியின் கணினியில் பதிவான பிழைக் குறியீட்டை (கோடு) அழித்தால் அணைகிறது. சில நடைகளில் மறுபடி எரிகிறது. பதிவாகியிருந்த கோடு, புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை அளக்கும் நாக்ஸ் சென்சாருக்கு வரும் மின்னழுத்தம் குறைவு என்பது. சென்சாரையே மாற்றிவிடும்படி வேறோரிடத்தில் சொல்லியிருக்கிறார்கள். மின்னழுத்தம் குறைவு என்று கோடு சொல்லும்போது வயரை அளந்து பார்க்காமல் விலை உயர்ந்த சென்சாரை மாற்றச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை.

“மதுரையிலிருந்து திரும்பி, ராத்திரி தொப்பூர் ஏறும்போதுதான் எரியுதுண்ணா. பகல்ல ஏறினா ஒண்ணும் இல்ல” என்றார் ஓட்டுநர். ஏற்றம் பகலிலும் அதே ஏற்றம்தான். இரவில் கூடுவது விளக்குகள் மட்டுமே.

12 ஜூன், புதன்

புகைக்குழாயில் உள்ள நாக்ஸ் சென்சாருக்குள் ஒரு ஹீட்டர் உண்டு. குழாயிலுள்ள ஈரம் காய்ந்த பிறகே அது முழுமையாகச் சூடேறி அதிக மின்சாரம் இழுக்கும் என்பதால், சாவியைத் திருப்பிய உடனே அளந்தால் வயரில் உள்ள குறை முழுமையாகத் தெரியாது. ஆகவே வண்டியை நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி வந்து, கனெக்டரைக் கழற்றாமல் அதன் பின்புறமாக மல்டிமீட்டர் முனையைச் செருகி அளந்தேன். எல்லா விளக்குகளையும் போட்டபோது பேட்டரியில் 27.4 வோல்ட் இருக்க, சென்சாரில் 22.5 மட்டுமே இருந்தது. காணாமற்போன 4.9 வோல்ட்டில் பாசிட்டிவ் வயரில் 2.8, எர்த் பக்கம் 2.1. விளக்குகளை அணைத்ததும் இரண்டும் ஏறக்குறைய மறைந்துவிட்டன.

வயர்க் கட்டான ஹார்னஸைப் பிரித்தபோது காரணம் கண்ணுக்கே தெரிந்தது. அலங்கார விளக்குகளுக்கான மின்சாரத்தைச் சென்சாருக்குப் போகும் மெல்லிய வயரிலிருந்தே எடுத்திருந்தார்கள். முறுக்கி டேப் சுற்றியிருந்த இணைப்பைப் பிரித்தால், செம்பு இழைகளில் பச்சைக் களிம்பு. பாதி இழைகள் தொட்டதும் உதிர்ந்தன. ஃபாக் விளக்குகளின் எர்த்தும் சென்சாரின் எர்த் போல்ட்டிலேயே ஏறியிருந்தது. அந்த வயர் முனையில் உள்ள உலோக வளையத்தின் (லக்) அடியில், நல்ல தொடுப்பு கிடைக்கும்படி பெயிண்ட்கூடச் சுரண்டப்படவில்லை.

14 ஜூன், வெள்ளி

கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுத்து, புதிய வயரைப் பற்றவைத்து, வெப்பத்தில் சுருங்கும் ஸ்லீவ் போட்டேன். கூடுதல் விளக்குகள் அனைத்துக்கும் பேட்டரியிலிருந்து தனி வயர், பேட்டரியின் அருகிலேயே ஃபியூஸ், பிறகு சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்சான ரிலே. எர்த்தும் தனியாக பேட்டரியின் நெகட்டிவுக்கே போகிறது. சென்சாரின் எர்த் போல்ட்டைச் சுத்தம் செய்து, அதில் தொழிற்சாலையில் போட்ட லக்கை மட்டும் விட்டேன். இப்போது எல்லா விளக்குகளும் எரியும்போது மொத்த இழப்பு 0.3 வோல்ட். அதன் பிறகே கோடை அழித்தேன்.

மியூசிக் சிஸ்டத்துக்கான 12 வோல்ட்டை, வரிசையில் இணைத்த இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் எடுத்திருந்தார்கள். பல லாரிகளில் காணும் வழக்கம் இது. அந்த ஒரு பேட்டரி ஓயாமல் வடிந்துகொண்டிருக்க, மற்றொன்று அளவுக்கு மேல் சார்ஜ் ஆகிக் கொதிக்கும். 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றைப் பொருத்தினேன்.

23 ஜூன், ஞாயிறு

வண்டி மதுரைக்குப் பலமுறை போய்வந்துவிட்டது. இரவில் எல்லா விளக்குகளுடனும் தொப்பூர் ஏறியும் செக் என்ஜின் விளக்கு எரியவில்லை. ஸ்கேனரிலும் கோடு இல்லை. இந்தக் குறை நீடித்தால் என்ஜினின் இழுவையே குறைக்கப்படும் என்பதால் உரிமையாளர் பெரிதும் அஞ்சியிருந்தார். கொதித்த பேட்டரியில் நீர் மறுபடி இறங்கியிருக்கிறது. அடுத்த நடைக்கு முன் இரண்டு பேட்டரிகளையும் ஒரே திறனில் ஜோடியாக மாற்றச் சொல்லி அனுப்பினேன்.